வண்டின் இறக்கைக்கு நான் சொன்ன வைத்தியம்

"அக்கா, இதத் தூக்கிப் பாரு. சுண்டுவிரலால தூக்கலாம்."

என் தம்பி சாந்தன் தோணியைக் கரையில் இழுத்துவிட்ட கையோடு அந்தச் சாமானைக் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் சாத்தினான். காலை எட்டு மணி இருக்கும். வாவித் தண்ணீர் அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அது ஓர் ஆள் நீளம், ஒரு முழ அகலம், சாம்பல் நிறம். ஒரு விளிம்பு மழுங்கல், மறு விளிம்பு ஒடுக்கம். கடற்பாசி ஒட்டியிருந்தது.

"என்ன சனியனடா இது?"

"வண்டுட செட்டை."

நான் கையை எடுத்துவிட்டேன். வண்டு என்றால் எங்கள் ஊரில் அந்த நாட்களில் ஒன்றுதான். ஆள் இல்லாமல் வானத்தில் சுற்றுகிற அரசாங்கத்தின் வேவு விமானம். நாள் முழுக்க ங்ங்ங் என்று தலைக்கு மேல் நிற்கும். அதன் ஓர் ஆணி வீட்டில் இருந்தால் ஆமி வந்து கேட்கும். ஆமிக்குக் கொடுத்துவிட்டால் ஏன் கொடுத்தாய் என்று இயக்கம் வந்து கேட்கும். இந்த மனிதன் ஒரு முழு இறக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் நடந்து வந்திருக்கிறான்.

"கரைவலைக்காரன் பாத்திருப்பான். ஐஸ்காரன் பாத்திருப்பான். ஒனக்கு மூளை இருக்கா மனே?"

"பாத்தாப் பாக்கட்டுமே. என்ட வலையில தானே விழுந்த. இத வெட்டி என்ட தோணிட அடியில ஒட்டித் தா அக்கா. சரியான லேசு."

பத்திரிகையில் வருகிற இந்தத் தொடரை வாரா வாரம் தாளில் எழுதி உறையில் போட்டு வைப்பேன். தபாற் கந்தோருக்குக் கொண்டுபோகிறவள் என் தங்கை புஸ்பம். போகிற வழியில் மரநிழலில் நின்று வாசித்துவிடுவாள். திரும்பி வந்து, "அக்கா, அந்த இடத்தில பொய் எழுதியிருக்காய்" என்று பிடிப்பாள். இந்த அத்தியாயத்தை மட்டும் அவள் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். இன்று களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துப் போயிருக்கிறாள். பின்னேர பஸ்ஸில் வருவாள். அதற்குள் முடிக்க வேண்டும். இந்தக் கதையின் முதல் பாதி அவளுக்கு மனப்பாடம். இரண்டாம் பாதி தெரியாது.

சந்திரனுக்குப் போகும் இறால்

என்னை இந்தப் பக்கத்தில் பைபர் யோகம் என்பார்கள். பைபர்கிளாஸ் தோணி உடைந்தால் ஒட்டுகிறவள். முன்னர் நான் சட்டை தைத்தவள். கடல் என் தையல் மெசினையும் அதை வாங்கித் தந்த மனிதரையும் ஒரே காலையில் கொண்டுபோனது. மனிதரைப் பற்றிப் போன கிழமை எழுதிவிட்டேன். மெசினைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நல்ல மெசின்.

சுனாமி முகாமில் இருந்தபோது எங்களுக்கு முதலில் வந்த விஞ்ஞானம் ஒரு வெள்ளிக் கடதாசி. போர்வையாம். பிரித்தால் சரசரவென்று ஒரு குடும்பத்துக்குக் காணும். கொண்டுவந்த வெள்ளைக்காரர் பெருமையாக விளக்கினார்: விண்வெளிக்குப் போகிறவர்களுக்காக ஒரு பெரிய நாட்டின் அரசாங்க ஆராய்ச்சியில் வந்த பொருள் இது, உடம்புச் சூட்டை ஒரு துளியும் வெளியே விடாது. மட்டக்களப்பு வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, உடம்புச் சூட்டைப் பத்திரப்படுத்த வேண்டிய தேவை எங்களில் ஒருத்திக்கும் இருக்கவில்லை. ஆனால் கைநீட்டி வாங்கினோம். அந்த நாட்களில் எதை நீட்டினாலும் வாங்கினோம்.

ஒரு கிழமை போனது. இறால் வாங்கி விற்கிற ஒருத்தி அதைத் தன் பெட்டிக்குள் விரித்தாள். மத்தியானம் கரைகிற ஐஸ் பின்னேரம் வரைக்கும் கிடந்தது. பிறகென்ன, முகாம் முழுக்கப் போர்வை காணாமல் போனது. எங்கள் இறால்கள் விண்வெளி வீரர்களுக்குரிய மரியாதையோடு சந்தைக்குப் போய் வந்தன. வெள்ளைக்காரர் கணக்கெடுக்க வந்தபோது ஒரு போர்வையும் கண்ணில் படவில்லை. எல்லோரும் போர்த்துத் தேய்த்துவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்.

பிறகு தோணிகள் வந்தன. கடவுளே, அந்தத் தோணிகள்! கொடுத்த நிறுவனத்தின் பெயர் தோணியை விட நீளம். எந்தப் பட்டியலில் எந்தப் பெயர் ஏறியது என்று தெரியாது, கிரானில் ஒரு வயல்காரருக்கும் ஒரு தோணி கிடைத்தது. அவர் ஊரில் கடலும் இல்லை, அவருக்கு நீந்தவும் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வயல்வட்டைக் காவல் குடிலுக்குப் பக்கத்தில் வைத்து விதைநெல் போட்டார். எலி தொடவில்லையாம். அந்த வருசம் கொடுத்த தோணிகளில் ஒழுகாத தோணி என்று நான் அறிந்தது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் ஒழுகின. அவசரத்தில் ஊற்றி, அவசரத்தில் படம் பிடித்து, அவசரத்தில் கொடுத்தவை. ஒழுகுவதை ஒட்டுவதற்கு இன்னொரு நிறுவனம் வந்தது. புருசனை இழந்த பெண்கள் பதினைந்து பேருக்குப் பத்து நாள் பயிற்சி. பத்தாம் நாள் சான்றிதழும் தேத்தண்ணியும். பதினாலு பேர் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். எனக்குச் சுவர் இருக்கவில்லை. பட்டறை போட்டேன்.

நாக்கு

இந்தத் தொழில் பெரிய வித்தை அல்ல. கண்ணாடி நூல் துணி ஒன்று, ரெசின் என்று ஒரு பசை, அதை இறுகச் செய்கிற மருந்து ஒன்று. பூச வேண்டும், துணியை வைக்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். பயிற்சி தந்த மாஸ்டர் படிப்பித்தது இவ்வளவுதான். அவர் படிப்பித்தபடி ஒட்டினேன். ஒட்டினதெல்லாம் ஒரு மாதத்தில் கழன்று வந்தது. தோணிக்காரர்கள் என் வாசலில் நின்று திட்டினார்கள். நல்ல நல்ல சொற்கள். சில எனக்குப் புதிது.

கோபத்தில் கழன்ற துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். கழன்ற இடமெல்லாம் உள்ளே பளபளவென்று இருந்தது. பசை பிடித்திருந்தால் அங்கே பளபளப்பு இருக்காது, கிழிந்து சொரசொரவென்று இருக்கும். தோணியை வார்த்த அச்சில் இருந்து கழற்றுவதற்குப் பூசின மெழுகைத் துடைக்காமல், சாண்ட்பேப்பர் போடாமல், அதன் மேலேயே ஒட்டினால் எது பிடிக்கும்?

மற்றது உப்பு. எங்கள் வாவியை நாங்கள் ஆறு என்போம், ஆனால் அதன் காற்றில் கடல்தான் இருக்கிறது. விடிகாலையில் எல்லாவற்றிலும் ஈரமும் உப்பும் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் நாக்கை வைத்துப் பார்ப்பேன். ஒட்டப்போகிற இடத்தில் நாக்கை வைப்பேன். கரித்தால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மறுபடி வைத்துப் பார்ப்பேன். துணியை வெயிலில் போட்டு, அடுப்பில் இருந்து இறக்கின சட்டிக்கு மேல் விரித்துச் சூடாக்குவேன். பத்து மணிக்கு மேல் கச்சான் காற்று மேற்கில் இருந்து காய்ந்து வரும். அந்தக் காற்று வந்த பிறகுதான் பசையைக் கலப்பேன். அதற்கு முன் எந்த அவசரக்காரன் வந்து நின்றாலும் கலக்கமாட்டேன்.

தோணியை நக்குகிறவள் என்று கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு என் ஒட்டு கழலாமல் நின்றது. சிரிப்பு நின்றது.

நகத்தால் உரித்த விமானம்

இப்போது பட்டறை வாசலுக்கு வருகிறேன். இறக்கை சாத்திக் கிடக்கிறது. தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

நியாயமாக அதைத் தொடாமல் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் தொழில்காரியின் கை சும்மா இருக்குமா? முறிந்த பக்கத்தில் மேல்தோல் கொஞ்சம் வாயைப் பிளந்திருந்தது. நகத்தை விட்டு இழுத்தேன். ஒரு முழத்துக்கு உரிந்து வந்தது. உள்ளே பார்த்தால் பளபளவென்று என் முகம் தெரிகிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. இதற்காகவா நாங்கள் இரண்டு வருசமாக மரத்தடியில் ஒளித்துக்கொண்டிருந்தோம்? எல்லாம் பார்க்கிறது, எல்லாம் தெரியும் என்று நடுங்கினோமே, அதற்குத் தன் தோலையே பிடித்து வைத்திருக்கத் தெரியவில்லை. நான் முதல் மாதம் கெடுத்த தோணிகளின் அதே பிழை.

"ஆருடா இத ஒட்டினவன்? இவன்ட கையில கஞ்சிக் கரண்டியும் குடுக்கக் கூடாது."

"பெரிய படிச்ச ஆக்கள் அக்கா. கொழும்பில ஆராய்ச்சி பண்ணிச் செஞ்சதாம்."

"ஆராய்ச்சி! மெழுகு துடைக்கத் தெரியாத ஆராய்ச்சி." பிறகுதான் எனக்கு உறைத்தது. "மற்றச் சாமான் எங்க?"

"இன்னொரு செட்டை தோணியில கிடக்கு. கண்ணாடிக் கண் ஒண்டு இருந்திச்சு, என்னையே பாத்துக்கொண்டு. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. ஆத்துக்க போட்டுத்தன்."

"இதுகளையும் கொண்டுபோய்ப் போடு. இப்பவே. கல்லுக் கட்டிப் போடு."

"ஓம் ஓம். போயித்து வாறன்."

அந்த ஓம் ஓம் எனக்குப் பிடிக்கவில்லை. சாந்தனுக்குச் சும்மா வந்த பொருளை எறிய வராது. அவனை மட்டும் சொல்லக் கூடாது, அலைக்குப் பிறகு எங்கள் எல்லோரையும் பிடித்த வியாதி அது. இரண்டு வருசம் மேலே இருந்து இறங்கினதெல்லாம் எங்களுக்குத்தான் என்று வாங்கிப் பழகிவிட்டோம். அரிசி இறங்கியது, கூடாரம் இறங்கியது, தோணி இறங்கியது. விமானம் ஒன்று இறங்கினால் அதுவும் நிவாரணம்தான் என்று அவன் நினைத்துவிட்டான்.

உட்காரும் பலகை

என்னிடம் கொண்டுவந்ததை எறிந்தான். மற்ற இறக்கையை எறியவில்லை. அளவாக வெட்டித் தன் தோணியின் குறுக்கே உட்காரும் பலகையாகப் போட்டான்.

அடுத்த கிழமை சுற்றிவளைப்பு வந்தது. கரையில் நின்ற தோணிகளை எல்லாம் ஆமி சோதித்தது. சாந்தனுடைய தோணிக்கு வந்தபோது அவன் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறம், அதில் பாதி வெட்டுப்பட்ட ஓர் இலக்கம். சாயம் அடிக்கவாவது தெரிந்திருக்கலாம். எழுப்பினார்கள், பார்த்தார்கள், கட்டிக்கொண்டு போனார்கள்.

விமானத்தைச் சுட்டு விழுத்தியவன் என்று எழுதினார்களாம். வண்டு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்த இயக்கத்தைப் பார்க்கப் போனது. எங்கள் பக்கம் திரும்பி வரும்போது விழுந்தது. இதில் ஒரு மீன்காரனுக்குச் சம்பந்தம் இல்லாமல் இருக்குமா? அது அவர்களின் கணக்கு.

அவன் மனைவி இந்திராணி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மச்சாள், அவர மூணு நாளுக்குள்ள எடுக்காட்டி மறுகா எங்க எண்டு தேடுற?" என்று என் கையைப் பிடித்தாள். அவள் சொன்னது சரி. மூன்று நாள் கழிந்தால் வேறு முகாமுக்கு மாற்றுவார்கள். பிறகு எந்த வாசலில் போய் நிற்பதென்றே தெரியாது. அப்படி வாசல் தெரியாமல் நின்ற தாய்மாரை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

முதல் நாள் ஆமி முகாம் வாசலில் நின்றோம். உள்ளே விடவில்லை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவர்கள் ஒழுங்காக ஒட்டாத இறக்கை கழன்று விழுந்ததற்கு என் தம்பி அடி வாங்க வேண்டுமா?

கொழும்பு எஞ்சினியர்

இரண்டாம் நாள் காலையில் கொழும்பில் இருந்து ஒருவர் வந்து இறங்கினார். விமானத்தைச் செய்த அரசாங்க ஆராய்ச்சி நிலையத்து எஞ்சினியராம். மெல்லிய ஆள், கண்ணாடி, பளபளக்கும் சப்பாத்து. விழுந்ததை ஆராய வந்திருக்கிறார். வாகனத்தில் இருந்து இறங்கி முதல் வேலையாக வாவியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று வெளியூரிலும் பேச்சு. மொழிபெயர்க்க நின்ற பொலிஸ்காரர் எனக்குச் சொன்னார்: "மீன் பாடுறது இதிலயா எண்டு கேக்கார்."

"இப்ப பாடாது. வண்டுச் சத்தத்தில பயந்து கிடக்கு எண்டு சொல்லுங்க."

பொலிஸ்காரர் அதைச் சொல்லவில்லை. அவர் ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆள், நல்ல மனிதர். என் பக்கம் குனிந்து, "தங்கச்சி, உங்கட வாய அப்படியே மொழிபெயர்த்தா நாம ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான். அளவா கதைங்க" என்றார்.

அளவாகத்தான் கதைத்தேன். என் தம்பி அதைச் சுடவில்லை, அது தானாகக் கழன்று விழுந்தது, அதை என்னால் காட்ட முடியும் என்றேன். வாசலில் நின்ற ஒபிசர் சிரித்தார். எஞ்சினியர் சிரிக்கவில்லை. பலகையைக் கொண்டுவரச் சொன்னார்.

மேசையில் வைத்தார்கள். "வெடி பட்ட ஓட்டை ஒண்டு காட்டுங்க சேர்" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. நான் ஓரத்தில் நகத்தை விட்டேன். தோல் உரிந்து வந்தது. எஞ்சினியருக்கு முகம் செத்துப்போனது.

"இதப் பாருங்க. உள்ளுக்குப் பளபளப்பு. மெழுகு துடைக்கல்ல, தேய்க்கல்ல. கொழும்பில குளிர்காத்து மெசின் போட்ட அறைக்குள்ள ஒட்டியிருப்பீங்க. இஞ்ச வந்து உப்புக் காத்துப் பட்டதும் விட்டுத்து. எங்கட ஊர்ல கோழிக்கூடும் இப்படி ஒட்டமாட்டாங்க. இதுக்கு ஏன் துவக்கு? ஒரு தும்மல் காணும்."

நான் மூச்சு விடாமல் பேசினேன். பொலிஸ்காரர் நாலு சொல்லில் முடித்தார். ஆனால் எஞ்சினியர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஒபிசர் மட்டும் விடவில்லை. ஒரு பொம்பிளை நகத்தால் உரித்தது சாட்சியாகுமா என்றார். அப்படியானால் செய்து காட்டுகிறேன் என்றேன்.

ஜீப்பில் ஏற்றி என் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். அன்று பத்து மணிக்குக் கச்சான் தொடங்கியது. ஒரு தோணியில் மிஞ்சின பைபர்த் தகட்டில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை அவர்களின் முறையில், மெழுகோடும் ஈரத்தோடும் ஒட்டினேன். மற்றதை என் முறையில் தேய்த்து, கழுவி, நாக்கை வைத்துப் பார்த்து, காயவைத்து ஒட்டினேன். நாக்கை வைத்தபோது காவலுக்கு நின்ற ஆமிப் பொடியன் முகத்தைச் சுளித்தான். எஞ்சினியர் தானும் ஒரு தரம் நாக்கை வைத்துப் பார்த்தார். உண்மை, பொய் இல்லை.

மூன்றாம் நாள் காலை முகாமுக்குக் கொண்டுபோனோம். நல்ல உடம்புக்காரன் ஒருவனைப் பிடித்து இழுக்கச் சொன்னார்கள். அவர்களின் துண்டு முதல் இழுவையிலேயே பிளந்தது. என் துண்டைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தான். துவக்கு முனைக் கத்தியை விட்டு நெம்பினான். கத்திதான் வளைந்தது. ஒபிசர் எழும்பி உள்ளே போனார்.

எஞ்சினியர் கைப்பட ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வைத்தார். விமானம் சுடப்படவில்லை, ஒட்டு விட்டதால் விழுந்தது என்று. தன் சொந்த வேலையின் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுத்தார். அதற்கு ஒரு நேர்மை வேண்டும், அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

இதுவரைக்கும் புஸ்பத்துக்குத் தெரியும். கோயிலில், கலியாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளிடம் எல்லாம் சொல்லுவாள்: "எங்கட அக்காட வாய்தான் தம்பிய மீட்டது."

கேட்டதுக்கு மேல்

தம்பியைக் கொண்டுவர உள்ளே ஆள் போன நேரம், ஒரு மணித்தியாலம் இருக்கும். வாசல் மரத்தடியில் எஞ்சினியரும் பொலிஸ்காரரும் நானும். தேத்தண்ணி தந்தார்கள். எஞ்சினியர் ஒரு சின்னக் கொப்பியை எடுத்துவிட்டு, மிகவும் பணிவாக, "அக்கா" என்றார். எந்தப் படிப்பாளி என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான்? "எப்படிச் செய்தால் நிற்கும்?" என்று பொலிஸ்காரர் வழியாகக் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் எழுதிய தாள் ஏற்கெனவே ஒபிசரின் கையில் இருந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லாவிட்டாலும் தம்பி வந்திருப்பான்.

ஆனால் என் வாய்! கெட்ட வேலையைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது. எல்லாம் சொன்னேன். எந்த நம்பர் சாண்ட்பேப்பர், எவ்வளவு நேரம், எந்த நேரத்துக் காற்று, துணியை எப்படிச் சூடாக்குவது, நாக்கில் உப்புத் தெரிந்தால் என்ன செய்வது. அவர் கேட்காததையும் சொன்னேன். கொப்பியில் கோடு போட்டுக் காட்டினேன். ஒரு பெரிய அரசாங்கம் என் முன்னால் குந்தியிருந்து எழுதுகிறதே என்று எனக்கு ஒரு கொழுப்பு. பொலிஸ்காரர் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார்.

சாந்தன் நடந்து வந்தான். முகம் வீங்கியிருந்தது. இடது காது இன்றைக்கும் கேட்காது. இந்திராணி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளறி அழுதாள். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

புதிய கண்டுபிடிப்பு

ஒரு வருசம் போயிருக்கும். ரெசின் தகரம் சுற்றி வந்த பத்திரிகையைப் பிரித்தேன். அதில் ஒரு படம். மாலை போட்ட ஒரு பெரியவர், கையில் கேடயம், பக்கத்தில் மந்திரி. வானூர்திப் பொருட்களில் அரச விஞ்ஞானிகளின் புதிய கண்டுபிடிப்பு என்று தலைப்பு. கடலோர ஈரப்பதனையும் உவர்ப்பையும் தாங்கி நிற்கும் இணைப்பு முறையாம். மேற்பரப்பு உவர்ப்பை அறியும் எளிய சோதனை ஒன்றும் அதில் அடக்கமாம்.

அந்தச் சோதனை என் நாக்கு.

மெல்லிய எஞ்சினியர் படத்தில் கடைசி வரிசையில், பாதி முகம் வெட்டுப்பட்டு நின்றார். மெழுகைத் துடைப்பதற்கு ஒரு கேடயம், ஒரு மாலை, ஒரு மந்திரி. விழுந்து விழுந்து சிரித்தேன். வெளியே சொல்ல முடியாது, இயக்கத்துக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்தேன். நல்ல ஒட்டு. சாந்தனும் இந்திராணியும் வந்தால் கதவைத் திறந்து காட்டுவேன். "விஞ்ஞானி அக்கா" என்று சாந்தன் கும்பிடுவான். வயிறு நோகச் சிரிப்போம்.

அந்த நேரம் புஸ்பம் வடக்கே, இயக்கத்தின் பிடியில் இருந்த வன்னியில் இருந்தாள். பேச்சுவார்த்தைக் காலத்தில் பாதை திறந்திருந்தபோது, அங்கே கடை வைத்திருந்த ஒருவரைக் கட்டிப் போனவள். மதுசா என்று ஒரு மகள். பிறகு பாதை பூட்டியது. கடிதம் நின்றது. நாங்கள் அலுமாரியைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவள் சொன்னது

சண்டை முடிந்து, முள்ளுக்கம்பி முகாமில் இருந்து விட்டபோது, புஸ்பம் தனியாக வந்தாள். கையில் ஒரு பை. புருசன் இல்லை. மதுசா இல்லை. நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சோறு பிசைந்துகொண்டே, சும்மா காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"முதல் வருசம் வண்டு அடிக்கடி விழும் அக்கா. மழை வந்தா ஏறாது, ஏறினாலும் விழும். பிள்ளையள் கைதட்டிச் சிரிப்பாங்க. அது விழுந்த அண்டைக்கு நாங்க வெளியில அடுப்பு மூட்டி ஆறுதலா சமைப்பம். பிறகு விழல்ல. மழைக்கும் விழல்ல, கடற்காத்துக்கும் விழல்ல. கடற்கரையில கடைசியா இருக்கக்குள்ள பகல் முழுக்க மேல நிண்டது. அது பாத்துத்துப் போனா செல் வந்து வெடிக்கும். மதுசா கஞ்சிக்கு வரிசையில நிண்டவ."

பிறகு சோற்றைச் சாப்பிட்டாள்.

நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். நகத்தை விட்டு இழுத்தேன். வரவில்லை. அரைவாசி கிழிந்தது, மாலையும் மந்திரியும் கதவிலேயே நின்றுவிட்டார்கள். கத்தியால் சுரண்டினேன். அந்தத் தழும்பு இப்போதும் கதவில் இருக்கிறது. கறையான் என்று புஸ்பத்திடம் சொல்லியிருக்கிறேன்.

சாந்தன் சொல்கிறான்: "அக்கா, அவனுக வெளிநாட்டில எத்தினையோ வண்டு வாங்கினவனுக. நீ சொன்னதக் கேட்டா அது பறந்த? அவனுகளுக்குக் கேக்கத் தெரியுமா?" இருக்கலாம். அரசாங்கம் ஒன்று ஒரு பொம்பிளை சொன்னதைக் கேட்டு நடந்த கதையை நானும் அறியேன். பத்து வருசமாக அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன். அவர்கள் மடையர்களாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பிள்ளையாரிடம் கேட்கிறேன். ஆனால் அந்தப் பத்திரிகையில் இருந்தது என் நாக்கு. அதை நான் எப்படி மறக்க?

தம்பியை மீட்டதற்காக நான் வருந்தவில்லை. மறுபடி நடந்தாலும் அந்த மேசைக்கு முன்னால் போய் நின்று உரித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு அந்த மரத்தடியில் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கும் ஓர் "அக்கா"வுக்கும் நான் பேசினேனே, அதுதான் என்னை அறுக்கிறது.

பஸ் வந்த சத்தம் கேட்கிறது. புஸ்பம் இறங்கி, சந்தியில் யாருடனோ கதைத்துக்கொண்டு வருகிறாள். தம்பியை மீட்ட கதையாகத்தான் இருக்கும்.

தாள்களை உறையில் போட்டுவிட்டேன். விலாசம் எழுதி, முத்திரையும் ஒட்டிவிட்டேன். அவள் வழக்கமாக எடுக்கிற மேசை மூலையில் வைக்கிறேன். உறையின் வாயை மட்டும் ஒட்டவில்லை. இது அச்சில் வந்திருந்தால், வாசித்த பிறகு அவள்தான் ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறாள்.